போலீஸ், ஜெயில் வார்டர் ட்ரெய்னிங் போறீங்களா: பெட்டி கட்டறதுல இருந்து பாரா நிக்கற வரைக்கும்

செலக்சன் லிஸ்ட்ல நம்பர் வந்த அன்னைக்கு ஊர்ல ஃப்ளெக்ஸ் கட்டுவாங்க, மாமன் வூட்ல கறிவிருந்து போடுவாங்க, நல்லாத்தான் இருக்கும். சேந்த மூணாவது நாள் ராத்திரி அதே பையன் தண்ணித் தொட்டி பக்கம் நின்னுட்டு அம்மாவுக்கு போன் போட்டு அழுவானுங்க. எத்தனையோ பேரை அப்படிப் பாத்துட்டேன். கொஞ்ச வருசம் ஹவில்தாரா கவாத்து சொல்லிக் குடுத்தவன் நானு, இப்ப ரிட்டயர்டு ஆகி கோபி பக்கம் தோட்டத்துல ரெண்டு எருமையோட இருக்கேன். என்ற மச்சான் ஜெயில் டிபார்ட்மென்ட்ல வார்டரா இருந்தவரு, ஜெயில் பத்தி கீழ வர்றது பாதி அவரு சொன்னதுதான்.

ஒண்ணை மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். ட்ரெய்னிங்ல கிறுக்குத்தனமா தெரியற ரூல்ஸ்ல முக்கால்வாசி கணக்குதான். ஆள் கணக்கு, நேரக் கணக்கு, தோட்டா கணக்கு, சாவி கணக்கு. அதைப் புரிஞ்சுக்கிட்டவன் திட்டு வாங்கினாலும் தூங்கிடுவான், புரியாதவன் மூணு மாசத்துக்கு "என்னைய ஏன் சார் டார்ச்சர் பண்றாங்க"ன்னே கேட்டுட்டு இருப்பான்.

1. மொதல்ல காகிதம்

ஓடறதுக்கும் தண்டால் எடுக்கறதுக்கும் முன்னாடி இதை முடிங்க. மார்க் ஷீட், ஜாதிச் சான்று, நடத்தைச் சான்று, என்.சி.சி, ஸ்போர்ட்ஸ் சர்டிபிகேட் எல்லாம் ஒரிஜினல் ஒரு ஃபைல்ல, நாலு செட் ஜெராக்ஸ் தனி ஃபைல்ல. பேரு எழுத்து எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஆதார்ல ஒரு இனிசியலும் பத்தாவது மார்க் ஷீட்ல இன்னொண்ணும் இருந்தா, அதை சேர்றதுக்கு முன்னாடியே சரி பண்ணுங்க. உள்ள போன பிறகு தாலுக்கா ஆபீசுக்கு அலையறதுக்கு யாரும் லீவு குடுக்க மாட்டாங்க.

அடுத்தது வெரிஃபிகேஷன் ஃபாரம். இங்கதான் பசங்க வாழ்க்கையவே கெடுத்துக்கறாங்க. நம்ம பக்கம் நோம்பியில (திருவிழாவுல) சின்னச் சின்னத் தகராறு வரும், ரெண்டு தெரு பசங்க மோதிக்குவாங்க, எஃப்.ஐ.ஆர் போடறப்ப கூட நின்ன பையன் பேரும் அஞ்சாவதா ஆறாவதா சேந்துடும். அப்பறம் ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சு வெச்சுருவாங்க. வூட்ல "அதான் முடிஞ்சு போச்சே, இல்லைன்னே எழுதுடா கண்ணு"ன்னு சொல்லுவாங்க. எழுதாதீங்க. ஸ்டேஷன் ரெக்கார்டுல இருந்து அது வந்தே தீரும்.

கேஸ் இருந்ததை விட மறைச்சதுதான் பெரிய குத்தமா போகும். 2016ல அவதார் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதை விலாவாரியா சொல்லிருக்கு, மறைச்சா அதை வெச்சே எடுத்து விடலாம், உண்மையச் சொன்னா டிபார்ட்மென்ட் அந்தக் கேஸோட தன்மையப் பாத்து முடிவெடுக்கும், ஆனா சொல்லிட்டேங்கறதுக்காக வேலை கண்டிப்பா குடுத்தே ஆகணும்னும் இல்லை. இன்னொண்ணு நம்ம ஊர் ரூல்ல இருக்கறது: சந்தேகத்தோட பலனைக் குடுத்து விடுதலை ஆனாலோ, புகார் குடுத்தவரே பிறழ் சாட்சியா மாறி விடுதலை ஆனாலோ, கேஸ்ல சம்பந்தப்பட்டவனாத்தான் கணக்கு வெப்பாங்க. அதனால தீர்ப்போட சர்டிஃபைடு காப்பி கையில வாங்கி, ஒரு வக்கீல்கிட்ட காட்டி, ஃபாரத்துல உள்ளது உள்ளபடி எழுதுங்க.

கையெழுத்து போடச் சொல்ற எந்தத் தாளையும் படிச்சுட்டு போடுங்க. பின்னாடி 200 பேர் நிக்கறாங்கன்னு அவசரப்பட வேண்டாம்.

2. ஒடம்பு: ரிசல்ட்டுக்கும் சேர்றதுக்கும் நடுவுல

பரிட்சைக்கு ஆம்பளைப் பசங்க 1500 மீட்டரை 7 நிமிசத்துல ஓடனீங்க, பொண்ணுங்க 400 மீட்டரை இரண்டரை நிமிசத்துல ஓடனீங்க. அது ஒரு நாள் ஓட்டம். ட்ரெய்னிங் தினமும். செலக்ட் ஆனதுக்கும் சேர்றதுக்கும் நடுவுல சில மாசம் போயிடும், அந்த மாசத்துலதான் பரோட்டாவும் பைக்குமா ஒடம்பு லூஸ் ஆகிடும், அப்பறம் மொத வாரத்துலயே கெண்டைக்கால் முன்னெலும்பு வலின்னு சிக் ரிப்போர்ட்.

அந்த வலி ஏன் வருதுன்னா, நுரையீரலும் சதையும் சீக்கிரம் பழகிடும், எலும்பு அவ்ளோ சீக்கிரம் பழகாது. ஆறு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. மொத ரெண்டு வாரம் வேக நடை, நடுவுல கொஞ்சம் ஓட்டம். தார் ரோட்டுல வேண்டாம், மண் பாதையில ஓடுங்க, கீழ்பவானி வாய்க்கா மேடு மாதிரி எடம் கெடைச்சா அதை விட நல்ல எடம் இல்லை. ஒரு வாரத்துல ஏத்தற தூரம் போன வாரத்தை விட கொஞ்சம் மட்டும் எச்சா இருக்கட்டும்.

ஓடறதை எல்லாரும் பழகறாங்க, நிக்கறதை யாரும் பழகறதில்லை. கவாத்துல பாதி நேரம் நிக்கறதுதான். காலையில வெறும் வயித்தோட 40 நிமிசம் ஆடாம நின்னு பாருங்க, தலை கிறுகிறுக்கும். முழங்காலைப் பின்னாடி இறுக்கிப் பூட்டிட்டு நின்னா ரத்தம் கால்லயே தங்கிடும், அதனாலதான் நல்ல ஆளே பரேட்ல பொத்துன்னு விழறான். முட்டியை துளி தளர்த்தி, பூட்ஸுக்குள்ள கால் விரலை அசைச்சுட்டே இருங்க, வெளிய தெரியாது.

பல்லு சொத்தை, கண்ணுல ஏதாவது குறை, குடல் எறக்கம், இதெல்லாம் இருந்தா இப்பவே பாத்துருங்க. ஆடியில பல்வலி வந்தா அப்ப பாத்துக்கலாம்னு விட்ட பையன் ஒருத்தன் பாஸிங் அவுட் பரேடுக்கு கன்னம் வீங்கிப் போய் நின்னான்.

3. பெட்டி

உங்களுக்கு அனுப்பற லிஸ்டுல இருக்கறதை மட்டும் வாங்குங்க, அதை மீறி கொஞ்சந்தான் வேணும். தகரப் பெட்டி ஒண்ணு, நல்ல பூட்டு, சாவி ரெண்டு, ரெண்டாவது சாவியை பெட்டிக்குள்ளயே வெச்சுப் பூட்டற புத்திசாலிங்க பேட்ச்சுக்கு ரெண்டு பேர் இருப்பாங்க. ஊசி நூல், காக்கி கலர் பட்டன் பத்து, துணியில எழுதற மார்க்கர், பாலிஷ், பிரஷ், பித்தளைக்கு பிராசோ, நெகவெட்டி, ப்ளாஸ்டர், ஓ.ஆர்.எஸ் பாக்கெட்.

துணி எல்லாத்துலயும் நம்பர் எழுதுங்க. ஜட்டியிலயும்தான். நூறு பேரோட வெள்ளை பனியன் ஒரே கொடியில காயும், காணாமப் போறதுக்கு திருட்டு காரணமா இருக்காது, எது யாருதுன்னு தெரியாததுதான். ஆனா திருட்டுன்னு பேச்சு கெளம்பிட்டா ஒரு பேரக்கே (எல்லாரும் தங்கற கூடம்) ரெண்டா உடைஞ்சிடும்.

பூட்ஸை சேர்ற அன்னைக்கு மொத மொதல்ல போடாதீங்க. குடுத்த ஒடனே சாயங்காலம் சாக்ஸோட போட்டு ஒரு மணி நேரம் நடங்க, மறுநாள் ரெண்டு மணி நேரம். கொப்புளம் வந்தா தோலை உரிக்காதீங்க.

தங்கச் செயின், மோதிரம், காதுல கடுக்கன், கையில கலர் கலரா சாமிக்கயிறு, எதுவும் வேண்டாம். பொண்ணுங்களுக்கும் அதேதான், வளையல் வேண்டாம், கூந்தலைக் கொண்டையா போட்டு வலையில அடக்கணும். கயித்துலயோ கம்பத்துலயோ மாட்டிக்கிட்டா விரலே போயிடுங்கறதுதான் காரணம், கலெக்டர் வூட்டுப் புள்ளையா இருந்தாலும் அதேதான்.

கையில கொஞ்சம் காசு இருக்கட்டும். மொத சம்பளம் வர்றதுக்கு நாளாகும், மெஸ்ஸுக்கு அதுக்கு முன்னாடியே கேப்பாங்க.

4. மொத வாரம்: நம்பர், முடி, ஃபாலின்

இரண்டாம் நிலைக் காவலர் ட்ரெய்னிங் வழக்கமா ஏழு மாசம், அதுல கடைசி ஒரு மாசம் ஸ்டேஷன் பிராக்டிகல். இந்த மொத வாரத்தை ஒழுங்கா ஓட்டினீங்கன்னா மிச்சம் தானா ஓடும்.

முடி வெட்டிருவாங்க, அதுக்கு வருத்தப்படறவங்க வூட்லயே வெட்டிட்டு வாங்க. நம்பர் குடுப்பாங்க, ஸ்குவாட் பிரிப்பாங்க. இனிமே உங்க பேரை விட நம்பர்தான் எச்சா கேக்கும். தூக்கத்துல கூப்ட்டாலும் வாயில வரணும்.

ஃபாலின், அதாவது வரிசையில வந்து நிக்கறது, 6 மணின்னா நீங்க 5.55க்கு லைன்ல இருக்கணும். "6 மணிக்கு கரெக்டா வந்துட்டனுங்க சார்"னு வாதாடுவாங்க. 6 மணிங்கறது எண்ணி முடிச்சு ரிப்போர்ட் குடுக்கற நேரம், வந்து சேர்ற நேரம் இல்லை. ஒரு ஆள் கொறைஞ்சா அவன் சிக்ல இருக்கானா, லீவுல இருக்கானா, கெணத்துல விழுந்துட்டானான்னு தெரியற வரைக்கும் மிச்சம் அத்தனை பேரும் நிப்பாங்க. அந்த ஸ்குவாட் உங்களை அன்னைக்கு மன்னிக்காது.

லைன்ல எண்ணிக்கை சொல்றப்ப பக்கத்துல இல்லாத கூட்டாளிக்கு சேத்து குரல் குடுக்கற வேலை வேணவே வேண்டாம். காலேஜ்ல அது ப்ராக்ஸி. இங்க பொய் ரிப்போர்ட். நாளைக்கு கோர்ட்டுக்கு நாலு கைதிய கூட்டிட்டுப் போய் மூணு பேரோட திரும்பி வந்து நாலுன்னு சொன்னா என்ன ஆகும்? அஜாக்கிரதையால கைதி தப்பிச்சா காவலுக்குப் போனவர் மேலயே கேஸ், புது தண்டனைச் சட்டமான பி.என்.எஸ் 261வது பிரிவுல ரெண்டு வருசம் வரைக்கும் தண்டனை. அந்தக் கணக்கை இங்க ஃபாலின்ல பழக்கறாங்க.

5. கவாத்தும் நம்ம ஊரு "ங்க"வும்

கவாத்துல பசங்க சறுக்கற எடம் எனக்கு மனப்பாடம். கை காலை ஒரே பக்கம் வீசறது, அதுக்கு நாங்க வெக்கற பேர் இங்க எழுத முடியாது. வார்த்தை முழுசா வர்றதுக்கு முன்னாடியே திரும்பறது. கமாண்டுல ரெண்டு துண்டு இருக்கு, மொதத் துண்டு என்ன செய்யப் போறோம்னு சொல்லும், ரெண்டாவது துண்டு இப்ப செய்யின்னு சொல்லும். நடுவுல இருக்கற அந்த ஒரு மூச்சு நேரத்துல அசையாம இருக்கறதுதான் பாடமே. நாளைக்கு கூட்டத்துக்கு முன்னாடி லத்தியோட நிக்கறப்ப, கல்லு வந்து விழறப்ப, ஆர்டர் வர்றதுக்கு முன்னாடி ஒருத்தன் ஓடினா மிச்சம் எல்லாரும் ஓடுவாங்க.

கொங்குப் பசங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, நானும் அந்த மண்ணுதான், அதனால சொல்றேன். நமக்கு எதைச் சொன்னாலும் "ங்க" போடாம வாய் மூடாது. "ஏம்ப்பா லேட்டு?"ன்னா "இல்லீங்க சார், வந்துட்டுத்தானுங்க இருந்தேன், பூட்ஸ் லேஸ் அந்துபோச்சுங்க சார்"னு ஒரு கதையே வரும். அங்க வேணுங்கறது "லேஸ் அறுந்தது சார்". அவ்ளோதான். மரியாதை கொறைஞ்ச மாதிரி மொத வாரம் கூச்சமா இருக்கும். ரிப்போர்ட்டுன்னா என்ன நடந்தது, எப்போ, எத்தனை, அதுக்கு மேல ஒரு சொல்லு வேண்டாம். வயர்லெஸ்ல பேசறப்ப இதோட அருமை தெரியும்.

ஆனா அந்த "ங்க"வை தூக்கிப் போட்டுறாதீங்க, பெட்டியில மடிச்சு வெச்சுக்கங்க. ஸ்டேஷனுக்கு வர்ற பாட்டிகிட்டயும் ஜெயில்ல அழுதுட்டு நிக்கற புதுக் கைதிகிட்டயும் "உக்காருங்க, தண்ணி குடிங்க"ன்னு சொல்றதுக்கு அதுதான் ஒதவும். ட்ரெய்னிங் முடிச்சுட்டு ஊருக்கு வந்து பெத்தவங்களையே "ஏய்"னு கூப்படற பசங்களையும் நான் பாத்திருக்கேன்.

குரல் கமாண்ட் குடுக்கறப்ப தொண்டையில இருந்து கத்தாதீங்க, ரெண்டே நாள்ல கட்டிக்கும். வயித்துல இருந்து விடணும்.

6. சொல்லிட்டுப் போ

எல்லா ரூலுக்கும் அடியில இருக்கறது இதுதான். பேரக்கை விட்டுப் போனா சொல்லிட்டுப் போ. பொருள் தொலைஞ்சா அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லு. ஒடம்பு சரியில்லையா, காலையில சிக் ரிப்போர்ட் நேரத்துல சொல்லு, கிரவுண்டுல போய் விழுந்துட்டு சொல்லாதே.

எங்க பேட்ச் பையன் ஒருத்தன் பெல்ட் பக்கிள் ஒண்ணைத் தொலைச்சுட்டான். அன்னைக்கே சொல்லிருந்தா காசு கட்டிட்டு போயிருக்கலாம், மிஞ்சிப் போனா ரெண்டு நாள் ஃபேட்டிக் (தண்டனையா குடுக்கற ஒடம்பு வேலை). அவன் என்ன பண்ணான்னா பக்கத்துக் கட்டில் பையனோடதை எடுத்து மாட்டிக்கிட்டான், அவன் இன்னொருத்தனோடதை எடுத்தான், இப்புடியே அஞ்சு பேர் கை மாறி கடைசியில இன்ஸ்பெக்சன் அன்னைக்கு ஒரு அப்பாவி மாட்டினான். விசாரிச்சு நூல் புடிச்சுட்டு வந்தா மொதல்ல தொலைச்சவன் வரைக்கும் வந்துருச்சு. பக்கிளுக்காக இல்லை, எடுத்ததுக்காக அவனுக்கு மெமோ.

லீவு, குறை, மனு, எதுன்னாலும் படிப்படியாத்தான் போகணும். மொதல்ல ஸ்குவாட் ஹவில்தார், அப்பறம் சி.டி.ஐ (தலைமைக் கவாத்து ஆசிரியர்), அப்பறம் ஆர்டர்லி ரூம்ல அதிகாரிக்கு முன்னாடி. ஆர்டர்லி ரூம்னா தண்டனைக்கு மட்டும்னு பசங்க பயப்படறாங்க, இல்லீங்க, உங்க கோரிக்கையைக் கேக்கறதும் அங்கதான். மாமா ஒருத்தர் கட்சியில இருக்காருன்னு அவரை விட்டு மேல போன் போட வெக்கறது, அது நேரா உங்க ஃபைல்ல குறிப்பா போய் உக்காரும்.

லீவுக்கு முக்கியமான ஒண்ணு. பண்ணாரி குண்டம், ஊர் மாரியம்மன் நோம்பி, சொந்தத்துல சீர், இதுக்கெல்லாம் லீவு கெடைக்காதுன்னு வூட்ல முன்னாடியே சொல்லிட்டு வாங்க. நோம்பி சமயத்துலதான் போலீசுக்கு பந்தோபஸ்து வேலையே, உங்களுக்கு மட்டும் அன்னைக்கு எப்படி லீவு வரும். பாட்டி செத்துப் போச்சுன்னு பொய் சொல்லிட்டுப் போனவன், அடுத்த மாசம் நெசமாவே அந்தப் பாட்டி தவறினப்ப லீவு கேக்க வாய் வராம நின்னான்.

அவசரம் நெசமா இருந்தா அந்த நிமிசமே போய் சொல்லுங்க, நடு ராத்திரியா இருந்தாலும். நாங்களும் மனுசங்கதான்.

பொண்ணுங்க மாசாந்தர நாள்ல வலி தாங்க முடியலைன்னா பெண் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட நேரா சொல்லுங்க. பல்லைக் கடிச்சுட்டு ஓடி மயங்கி விழுந்தா யாரும் மெடல் குடுக்க மாட்டாங்க.

கை நீட்டறது, கெட்ட வார்த்தையில குடும்பத்தை இழுக்கறது, காசு கேக்கறது, இதெல்லாம் ட்ரெய்னிங்ல சேராது. அப்படி நடந்தா தேதி, நேரம், யார் யார் இருந்தாங்கன்னு குறிச்சு வெச்சு எழுத்துல குடுங்க. கஷ்டமான ட்ரெய்னிங் வேற, கேவலப்படுத்தறது வேற. முன்னதைப் பொறுத்துக்கங்க, பின்னதைப் பொறுக்க வேண்டியதில்லை.

7. க்ளாஸ்ல தூங்காம படிக்கறது

காலையில பி.டி, கவாத்து, குளியல், டிபன், அப்பறம் ஃபேனுக்கு அடியில சட்ட க்ளாஸ். தூக்கம் வராம என்ன பண்ணும். எழுதிட்டே இருங்க, அது ஒண்ணுதான் மருந்து. தூக்கம் தாங்கலைன்னா கேட்டுட்டு பின்னாடி போய் நின்னுக்கங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

2024 ஜூலை 1ல இருந்து மூணு புதுச் சட்டம். பி.என்.எஸ்ல 358 பிரிவு, நடைமுறைச் சட்டம் பி.என்.எஸ்.எஸ்ல 531, சாட்சியச் சட்டம் பி.எஸ்.ஏல 170. வேலைக்குப் போற எடத்துல பெரிய ஏட்டையா கொலை, திருட்டு, மோசடிக்கு இன்னும் 302, 379, 420ன்னுதான் பேசுவாரு, ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்கற ரைட்டர் 103, 303, 318ன்னு எழுதுவாரு. அந்த தேதிக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கு பழைய ஐ.பி.சிதான், அதனால ரெண்டும் தெரிஞ்சாகணும். நோட்டுல நடுவுல கோடு கிழிச்சு எடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசுன்னு தினம் அஞ்சு பிரிவு எழுதுங்க.

எல்லாத்தையும் உருப் போட முடியாது, கைது சம்பந்தப்பட்டதை மட்டும் ரத்தத்துல ஏத்திக்கங்க, ஏன்னா ஒரு கான்ஸ்டபிள் ஜெயிலுக்குப் போற வழி அதுதான். பி.என்.எஸ்.எஸ்ல கைதுக்கு காரணத்தை சொல்றது 47, சொந்தக்காரங்களுக்கு தகவல் 48, டாக்டர்கிட்ட காட்டறது 53, 24 மணி நேரத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாதுங்கறது 58, பொம்பளைய பொழுது உழுந்ததுக்கப்பறம் கைது பண்ணக் கூடாதுங்கறது 43ல வருது, தவிர்க்க முடியாத நேரத்துல பெண் அதிகாரி எழுத்துல காரணம் காட்டி மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கணும். கைது பண்றப்ப போலீஸ் என்னென்ன செய்யணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது டி.கே.பாசு வழக்குத் தீர்ப்பு, அதைத் தமிழ்ல ஒருவாட்டி முழுசா படிங்க. பரிட்சைக்குக் கேக்கறாங்களோ இல்லையோ.

8. துப்பாக்கி

இங்க விளையாட்டே கெடையாது. பாயின்ட் 303, எஸ்.எல்.ஆர், இன்சாஸ், எது கையில வந்தாலும் வரிசை ஒண்ணுதான்: வாங்கின ஒடனே குழல் வானத்தையோ மண்ணையோ பாக்கணும், மேகசினைக் கழட்டணும், போல்ட்டை இழுத்து சேம்பரைக் கண்ணால பாக்கணும், விரலை விட்டும் பாக்கணும். பக்கத்துல இருக்கறவன் இப்பத்தான் பாத்தான்னு சொன்னாலும் நீங்க பாக்கணும். மேகசினைக் கழட்டாம மொதல்ல போல்ட்டை இழுத்தா அடுத்த தோட்டா உள்ள ஏறிடும், வரிசை மாறினா சாவுன்னு சொல்றது இதுக்குத்தான்.

ரேஞ்சுல சுட்டது எத்தனையோ அத்தனை காலி கேஸும் திரும்ப வரணும். வெயில்ல புல்லுக்குள்ள தவந்துட்டு ஒரு வெறும் பித்தளைக் குழாயத் தேடறப்ப கடுப்பா வரும். ஒரு கேஸ் கொறையுதுன்னா ஒரு தோட்டா சுடாம வெளிய போயிருக்கலாம்னு அர்த்தம். ஞாபகார்த்தமா வெச்சுக்கலாம்னு பாக்கெட்ல போட்டுக்கிட்ட பையனால ஒரு கம்பெனி முழுக்க ராத்திரி எட்டு மணி வரைக்கும் கிரவுண்டுல கெடந்துச்சு.

ட்ரிக்கர்ல விரல் வெக்கறதுக்கு ஒரே ஒரு நேரந்தான், சுடற நேரம். மிச்ச நேரம் விரல் வெளிய நேரா இருக்கணும்.

9. ஜெயில் பக்கம் போறவங்களுக்கு

ஒரே பரிட்சை எழுதி சிலர் ஆயுதப்படைக்கும் சிறப்புக் காவல் படைக்கும், சிலர் ஜெயிலுக்கும், சிலர் ஃபயர் சர்வீசுக்கும் போவாங்க. ஜெயில் கெடைச்சவங்க மொகம் தொங்கிப் போகும். தொங்க வேண்டியதில்லை, ஆனா வேலை வேற மாதிரி. போலீஸ்காரன் ஒரு குத்தவாளியோட அரை மணி நேரமோ ஒரு நாளோ இருப்பான், வார்டர் வருசக்கணக்கா இருப்பான். கோயமுத்தூர், சேலம் ரெண்டும் மத்தியச் சிறை, நம்ம பக்கத்துப் பசங்க எப்படியும் அங்க ஒரு சுத்து வந்தே தீருவாங்க.

மொத நாள் பழக வேண்டியது கேட். வெளிக் கேட்டும் உள் கேட்டும் ஒரே நேரத்துல திறந்திருக்கக் கூடாது. ஒண்ணு பூட்டினதை கையால இழுத்துப் பாத்துட்டுத்தான் இன்னொண்ணு. அதிகாரி வண்டியில காத்துட்டு இருந்தாலும் அதே வரிசைதான், அவசரப்படுத்தினா "பூட்டிட்டு இருக்கேன் சார்"னு சொல்லுங்க, எந்த நல்ல அதிகாரியும் அதுக்கு கோவிச்சுக்க மாட்டாரு.

ரெண்டாவது கணக்கு. காலையில திறக்கறப்ப ஒரு எண்ணிக்கை, சாயங்காலம் அடைக்கறப்ப ஒரு எண்ணிக்கை, நடுவுலயும். மச்சான் சொல்லுவாரு, தலையை எண்ணாதே, மொகத்தை எண்ணுன்னு. போர்வைக்கு அடியில துணியச் சுருட்டி வெச்சுட்டு ஏமாத்தறது ஒலகம் முழுக்க இருக்கற பழைய வித்தை. தூங்கறவரை லேசா கூப்ட்டு அசையறதைப் பாக்கணும். அதுல இன்னொரு பலன், ஒடம்பு முடியாம கெடக்கறவரும் மனசு விட்டுப் போனவரும் அப்பத்தான் கண்ணுல படுவாங்க.

மூணாவது, இதுலதான் புதுசா வர்றவங்க விழறாங்க, சின்ன உதவி. கைதிங்க உங்களைப் படிச்சுட்டே இருப்பாங்க, அவங்களுக்கு வேற வேலை இல்லை. மொத வாரம் "சாருக்கு எந்த ஊருங்க? அட, தாராபுரமா, எங்க அப்பச்சியும் அங்கதானுங்க"ன்னு ஆரம்பிக்கும். ரெண்டாவது வாரம் வூட்டுக்கு ஒரு தகவல் மட்டும் சொல்லிடுங்கன்னு வரும், பாவம்னு தோணும். மூணாவது வாரம் ஒரு பீடிக்கட்டு. அப்பறம் செல்போன். பீடிக்கட்டு கொண்டு போன அன்னைக்கே நீங்க அவங்க கைக்குள்ள, செல்போனுக்கு மாட்டேன்னு சொன்னா பீடியைப் போட்டுக் குடுப்பாங்க. 1894 சிறைச் சட்டம் 42வது பிரிவுல தடை செஞ்ச பொருளை உள்ள கொண்டு போறது குத்தம், காக்கி போட்டிருந்தாலும்.

அதுக்காக மொரட்டுத்தனமா இருக்கணும்னு இல்லை. ஊர் எதுன்னு கேட்டா சிரிச்சுட்டு "மனு பாக்க யாராவது வந்தாங்களா"ன்னு (ஜெயில்ல மனுன்னா சொந்தக்காரங்க வந்து நேர்ல பாக்கறது) பேச்சை அவங்க பக்கம் திருப்புங்க. வூட்டுக்குத் தகவல் சொல்லணும்னா அதுக்கு மனு இருக்கு, கடிதம் இருக்கு, வெல்ஃபேர் ஆபீசர் இருக்காரு, அந்த வழியக் காட்டுங்க. முடியாததை முடியாதுன்னு அன்னைக்கே சொல்லிடறது, பாக்கறேன்னு சொல்லிட்டு பாக்காம விடறதை விட எவ்வளவோ மேல். உள்ள சண்டை வர்றதே பாதி "பாக்கறேன்"னு சொன்ன வாயாலதான்.

விசாரணைக் கைதி இன்னும் குத்தவாளின்னு தீர்ப்பாகாதவரு, தண்டனைக் கைதி தீர்ப்பானவரு, ரெண்டு பேரையும் தனித்தனியா வெக்கச் சொல்லுது சட்டம். என்ன கேஸ்ல வந்தாருன்னு தெரிஞ்சுட்டு அதுக்கு ஏத்த மாதிரி நீங்க தனியா தண்டனை குடுக்க முடியாது, தண்டனையக் கோர்ட் குடுத்தாச்சு. 1978ல சுனில் பத்ரா வழக்குலயே சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொல்லுச்சு, ஜெயிலுக்குள்ள போனதும் மனுசனோட அடிப்படை உரிமை அத்துப் போயிடாதுன்னு.

10. போன்

யூனிஃபார்ம்ல ரீல்ஸ் வேண்டாம். ட்ரெய்னிங் கிரவுண்டு, ஆயுதம், கேட், பேரக் எதுவும் போட்டோவுல வரக் கூடாது. ஒரு போட்டோவுல பின்னாடி தெரியற டவரும் சுவரும் ஜெயிலுக்கு வெளிய இருக்கறவனுக்கு வரைபடம் மாதிரி. போலீசுக்கு 1966லயே தனிச் சட்டம் இருக்கு, சங்கம் சேர்றதுக்கும் பத்திரிகைக்குப் பேசறதுக்கும் கட்டுப்பாடு போட்டது. பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல இன்ஸ்ட்ரக்டரைத் திட்டி வாய்ஸ் மெசேஜ் போடறவங்களும் யோசிச்சுக்கங்க, நூறு பேர் இருக்கற குரூப்ல ரகசியம்னு ஒண்ணும் இல்லை. போலீஸ்ல 3 ஏ, 3 பின்னு சார்ஜ் மெமோ இருக்கு, பி பெருசு, வேலையே போகலாம். சர்வீஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அதை வாங்கணுமா.

11. கடைசி மாசம், ஸ்டேஷன்

பிராக்டிகல்ல போற ஸ்டேஷன்ல யாரும் உங்களுக்குன்னு ஒக்காந்து சொல்லிக் குடுக்க மாட்டாங்க. ரைட்டர் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கங்க. எஃப்.ஐ.ஆர், சி.எஸ்.ஆர் (புகார் வாங்கினதுக்கான பதிவு), ஜெனரல் டைரி (ஸ்டேஷன்ல தினம் நடக்கறதைக் குறிக்கறது) மூணும் எப்போ எது எழுதறாங்கன்னு பாத்துட்டு, அன்னைக்கு ராத்திரியே நோட்டுல சொந்தமா ஒண்ணு எழுதிப் பாருங்க. டீ வாங்கிட்டு வரச் சொல்லுவாங்க. வாங்கிட்டு வாங்க, ஆனா திரும்பி வந்து அதே ஸ்டூல்ல உக்காருங்க.

ஆடி 18க்கு பவானி கூடுதுறை மாதிரி எடத்துல பந்தோபஸ்து போட்டா, நிக்கச் சொன்ன எடத்துல மொதல்ல நாலு விசயம் பாருங்க: உங்களுக்கு பொறுப்பு அதிகாரி யாரு, பக்கத்து பாயின்ட்ல யாரு, ஆம்புலன்ஸ் எந்த வழியா வரும், காணாமப் போன கொழந்தைய எங்க கொண்டு போய் ஒப்படைக்கணும். தண்ணி பாட்டில் வெச்சுக்கங்க, கூட்டத்துல எடம் விட்டுப் போக முடியாது.

ராத்திரி பாரா நிக்கறப்ப ரிலீஃப் வர்ற வரைக்கும் எடத்தை விடாதீங்க. வர்றவர் லேட் ஆனாலும் சரி. அவர் வந்ததும் ஆயுதம், தோட்டா எண்ணிக்கை, லாக்கப்ல இருக்கற ஆள் எண்ணிக்கை மூணையும் வாய்விட்டு சொல்லி, அவர் கண்ணால பாத்து, நோட்டுல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, நேரம் எழுதினதுக்கு அப்பறம் போய் படுங்க.